பெயர் தெரியாத சித்தப்பா

பேச்சை ஆரம்பித்தது அத்தைதான். தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற பேத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பினார்.

"முடியை வெட்டிட்டியா?"

ஆமாம் என்றாள் மருமகள். எட்டு மணிக்குள் குழந்தையைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, தானும் அலுவலகத்துக்குக் கிளம்புவது நடக்கிற காரியமாக இல்லை என்றாள். பள்ளியில் பேன் தொல்லை வேறு என்றாள். வெயில் காலம் வருகிறது என்றும் சொன்னாள். ஒரு காரணம் போதுமே, எதற்கு மூன்று சொல்கிறோம் என்று அவளுக்கே தோன்றியது.

"அதெல்லாம் சரி. அவளைக் கேட்டியா?"

"யாரை அத்தை?"

"முடி யாருதோ அவளை."

ஆறு வயதுக் குழந்தையை இதற்கெல்லாம் கேட்பார்களா என்று மருமகளுக்கு விளங்கவில்லை. கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, திட்டு விழக் காத்திருந்தாள். திட்டு விழவில்லை. அத்தை மெஷினிலிருந்து சீருடைச் சட்டையை உருவி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"என்னை ஒருத்தர் கேட்டார்."

"யாரு?"

"சித்தப்பா."

"உங்க அப்பா ஒரே பிள்ளைன்னு சொல்லியிருக்கீங்களே?"

"ஒரே பிள்ளைதான். இவர் சலூன் வெச்சிருந்த சித்தப்பா. அந்த ஊர்ல."

அந்த ஊர் என்றால் எது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கடல் தாண்டிய நாட்டில், அத்தை ஐந்து வயதிலிருந்து பதினொரு வயது வரை வளர்ந்த ஊர். அந்தச் சித்தப்பாவுக்குப் பெயர் என்ன என்று மருமகள் கேட்டாள். அத்தை வாயைத் திறந்தார், மூடினார்.

"சித்தப்பாவை யாராவது பேர் கேப்பாங்களா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் கதை வந்தது. அத்தையின் அப்பா அந்த ஊரில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் நீராவி இஸ்திரி போட்டவர். அத்தைக்கு எட்டு வயது நடக்கும்போது அம்மாவுக்கு நுரையீரலில் கோளாறு வந்து நாலு மாதம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. நானூறு படுக்கை விரிப்புகளை ஒரு சுருக்கம் இல்லாமல் மடிக்கத் தெரிந்த மனிதருக்கு ஒரு பெண் குழந்தையின் தலையை வாரத் தெரியவில்லை. மூன்று நாள் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி ஒரு தலையோடு பள்ளிக்குப் போனார் அத்தை. நாலாம் நாள் ஆசிரியையிடமிருந்து சீட்டு வந்தது. அப்பா மகளைக் கையில் பிடித்துத் தெருக்கோடியிலிருந்த சலூனுக்குப் போய், ஒட்ட வெட்டிவிடுங்கள் என்று சைகை காட்டினார்.

சலூன்காரர் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டுக் குழந்தையைத் தூக்கி உட்காரவைத்தார். கத்தரியை எடுத்தார். கண்ணாடியில் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். வெட்டட்டுமா என்று கேட்டார். குழந்தை அழவில்லை. இரண்டு கையாலும் தன் முடியைப் பிடித்துக்கொண்டது. அவர் கத்தரியை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டுச் சீப்பை எடுத்தார். அன்றைக்கு அவர் போட்டது பின்னலே இல்லை, கிணற்றுக் கயிறு என்பார் அத்தை. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. நாலு மாதமும் கடை திறப்பதற்கு முன்னால் தினமும் இரட்டைப் பின்னல். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் தொட்டுப் பார்த்தது மகளின் தலையைத்தான்.

மூன்று வருடம் கழித்து அப்பாவின் வேலை திடீரென்று முடிந்தது. இரண்டே நாளில் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. சொல்லிவிட்டு வரலாம் என்று போனபோது கடைக்கு வார விடுமுறை.

"சொல்லாம வந்துட்டோம்," என்றார் அத்தை. மெஷின் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

அத்தையின் நன்றி வியாதிக்கு மூலம் எது என்று மருமகளுக்கு அன்றுதான் தெரிந்தது. வியாதி என்று சொன்னது அவள் அல்ல, மாமா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கினால் டிரைவருக்கு ஒன்று, கண்டக்டருக்கு ஒன்று என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். மெஷினுக்கு எண்ணெய் போட வருகிறவருக்கு வாசல் வரைக்கும் போய்ச் சொல்வார். ஏ.டி.எம். பெட்டிக்கு முன்னால் இவள் கும்பிட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்று மாமா சத்தியம் செய்வார். அத்தை அதை மறுத்ததே இல்லை.

தெருவில் அத்தைக்குப் பெயர் டெய்லரக்கா. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு முப்பது வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறவர். எந்த வகுப்பு என்று சொன்னால் போதும், பிள்ளையைப் பார்க்காமலே வெட்டுவார். அவர் தைத்த ஒரு துணி அளவு சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. பெருமை அடித்துக்கொள்ளத் தெரியாத மனுஷியிடம் இருந்த ஒரே பெருமை அது.

அந்தக் கோடை விடுமுறைக்கு, கேட்டவர்கள் வாயைப் பிளக்க, அத்தை குடும்பத்தையே அந்த ஊருக்கு அழைத்துப் போனார். அவர், மாமா, மகன், மருமகள், பேத்தி. ஊரைப் பார்க்கிற ஆசை இரண்டாம்பட்சம். சித்தப்பாவை நேரில் பார்த்து, குடும்பத்தோடு நின்று, சொல்லாமல் வந்ததைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சொல் வாயிலேயே இருந்து ஐம்பத்து நாலு வருடம் ஆகிறது, இன்னும் வைத்திருந்தால் என்னோடேயே போய்விடும் என்றார்.

"உலகத்திலேயே பேர் தெரியாத சித்தப்பாவைத் தேடி விமானம் ஏறின குடும்பம் நாமதான்," என்றார் மாமா.

அத்தை வெறும் கையோடு கிளம்பவில்லை. வெள்ளைத் துணியில் ஒரு சலூன் கோட்டு தைத்தார். அளவுக்கு என்ன செய்வீர்கள் என்று மகன் கேட்டதற்கு, சித்தப்பாவின் கோட்டில் மேல் பாக்கெட்டின் அடித் தையல் எட்டு வயதில் தன் உச்சந்தலைக்கு நேராக இருக்கும் என்றார். எட்டு வயதுப் பெண் பிள்ளையின் உயரம் அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து பாக்கெட், பாக்கெட்டிலிருந்து தோள், தோளிலிருந்து கை என்று கணக்குப் போட்டு வெட்டினார். ஆளில்லாமல் எடுத்த அளவு. நல்ல உயரமான மனிதர்தான் போல.

பேச்சுக்கு மருமகளை நம்பியிருந்தார்கள். அந்த நாட்டு மொழியை அவள் ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாம் மொழியாகப் படித்தவள். இரண்டு மொழி தெரிந்தும் இரண்டிலும் பேசாதவள் என்று மாமா அவளைக் கேலி செய்வதுண்டு. சின்ன வயதில் அத்தைக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்த அந்த மொழி இப்போது சுத்தமாகப் போய்விட்டிருந்தது. 'வரிசையில் நில்', 'கையைக் கழுவு', 'ஓடாதே' ஆகிய மூன்று மட்டும் பாக்கி. மூன்றையும் என்னிடம்தான் பிரயோகிக்கிறாள் என்பார் மாமா.

இறங்கிய மறுநாள் காலையில் போனார்கள். அத்தைக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் குடியிருந்த மாடி வீடு அப்படியே இருந்தது. கீழே சைக்கிள் கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை. அங்கே நிற்கக்கூட இல்லாமல் அத்தை தெருக்கோடிக்கு நடந்தார். மூன்று படி, வழவழத்துப்போன இரும்புக் கைப்பிடி, உள்ளே இரண்டு நாற்காலி, சுவர் நீளக் கண்ணாடி, சோப்பு நுரை வாசனை. எழுபதைத் தாண்டிய ஒருவர் வாடிக்கையாளரின் பாதிக் கன்னத்தைச் சிரைத்துவிட்டு மறு பாதிக்குக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா," என்றார் அத்தை.

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. மருமகள் வாக்கியம் வாக்கியமாகத் துரத்திக்கொண்டு மொழிபெயர்த்தாள். சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி என்று நடுவில் ஒரு விளக்கமும் சொன்னாள். இஸ்திரி போட்டவரின் மகள், பலகை, பின்னல், அம்மா, வார விடுமுறை எல்லாம் வந்தன. பெரியவர் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை இடம் கொடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டை அவருக்கு மாட்டியே விட்டார். பாதிக் கன்னம் நுரையோடு நாற்காலியில் இருந்தவர், நிலைமை புரிந்தவர்போல, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை பின்னால் போய்க் கழுத்துப்பட்டையை நீவியபோது பெரியவர் மருமகளிடம் தாழ்ந்த குரலில் பேசினார். அந்த மனிதர் தான் இல்லை என்றார். இருபது வருடத்துக்கு முன்னால் அவரிடமிருந்து இந்தக் கடையை வாங்கியவர் தான் என்றும், அவர் இறந்து பதினொரு வருடம் ஆகிறது என்றும் சொன்னார். பிறகு தோளில் இருந்த அத்தையின் கையைக் கண்ணாடியில் பார்த்தார்.

"இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. நான்தான்னே இருக்கட்டும்மா," என்றார்.

"என்ன சொல்றார்?" என்று அத்தை கேட்டார்.

மாமா, கணவன், குழந்தை, நுரைக் கன்னத்துக்காரர் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அத்தையின் முகத்தை அவள் ஏழு வருடமாகப் பார்க்கிறாள். அப்படி ஒரு மலர்ச்சியை அதில் கண்டதில்லை. சொல்ல வேண்டியதை மென்று விழுங்கினாள்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்றார் அத்தை."

அத்தை அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தார்: கோட்டின் கை அவருடைய விரல்களையே மூடிக்கொண்டு தொங்கியது. அத்தையின் நெற்றி சுருங்கியது. தோளைப் பார்த்தார், நீளத்தைப் பார்த்தார். சரி செய்து நாளைக் காலையில் தருவதாகச் சொல்லச் சொல்லி, கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் அறையில் ரொட்டியும் பழமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மாமா கணக்கு ஒன்று போட்டார். சலூன்காரருக்கு எழுபத்து மூன்று வயது என்று மகன் எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான்.

"அப்போ நீ ஊரை விட்டுக் கிளம்பின அன்னிக்கு அவருக்குப் பத்தொன்பது. சித்தப்பா இல்லை, பக்கத்து வீட்டு அண்ணன்," என்றார் மாமா.

"சிலருக்கு வயசு தெரியாது. எல்லாரும் உங்களை மாதிரியா," என்றார் அத்தை. ஆனால் வழக்கமான சூடு இல்லை. கோட்டை மடியில் வைத்துத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். மருமகள் தன் ரொட்டியைக் குழந்தையின் தட்டுக்கு மாற்றினாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே வாதாடினாள். சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று, கேட்டவரும் நல்லவர். வாதம் என்னவோ சரியாகத்தான் இருந்தது.

காலையில் மற்றவர்கள் சிற்றுண்டிக்குக் கீழே போனபிறகும் அத்தை போகவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, கைகளில் நாலு விரற்கடைக்கு மேலே கோடு போட்டிருந்தார். ஹோட்டல்காரர்களிடம் இரவல் வாங்கிய கத்தரி பக்கத்தில் இருந்தது. எடுத்தார், மறுபடி வைத்தார்.

"ஊருக்குப் போனதும் ஒரு மெஷினை வித்துடலாம்னு இருக்கேன்," என்றார்.

மருமகள் திடுக்கிட்டாள். எதற்கு என்று கேட்டாள்.

"தினமும் பக்கத்துல நின்னு பார்த்த ஆளோட அளவே இவ்வளவு தப்புதுன்னா, பார்க்காத பிள்ளைங்களுக்கு நான் என்னத்தை வெட்டித் தள்ளிட்டிருக்கேன்? பாவம், ஜனங்க முகத்துக்கு நேரா சொல்லாம இருந்திருக்காங்க." கத்தரியை மறுபடி எடுத்தார். "கண்ணு போச்சுன்னா கடையை மூடிடணும்மா. அதுதான் மரியாதை."

கத்தரியின் வாய்க்குள் துணி போய்விட்டது.

"வெட்டாதீங்க அத்தை," என்றாள் மருமகள். "அளவு சரிதான். ஆள்தான் தப்பு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னது, தான் மாற்றிச் சொன்னது, அவர் இறந்து பதினொரு வருடம் ஆனது. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். கீழே தெருவில் ஒரு குப்பை வண்டி நின்று, ஏற்றிக்கொண்டு, போயிற்று.

"போயிட்டாரா," என்றார் அத்தை கடைசியில்.

"ஆமா அத்தை."

"நீ ஏன் நேத்தே சொல்லலை?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

"என் சந்தோஷத்துக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?" குரல் உயரவில்லை. "பக்கத்து வீட்டுல கடுதாசியைப் போட்டுட்டு, போஸ்ட் பண்ணியாச்சுன்னு திரும்பிப் போற மாதிரி ஆயிருக்கும். போய்ச் சேர வேண்டாமா அது?"

மருமகளுக்குக் கண் கலங்கியது. அத்தை அவள் பக்கம் பார்க்காமலே ஊசியில் நூல் கோத்தார். நூல் முதல் தடவையிலேயே நுழைந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஏதோ தெளிந்தது.

"அளவு சரின்னு சொன்னே இல்லே?"

"சரிதான் அத்தை. அவர் நல்ல உயரமாத்தான் இருந்திருப்பார்."

"இருந்தார்," என்றார் அத்தை. "வாசல்ல குனிஞ்சுதான் நுழைவார்." சொல்லிவிட்டு, கோடு போட்ட இடத்தில் நறுக்கென்று வெட்டினார். மருமகள் பதறிப்போனாள். அத்தை வெட்டிய துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சித்தப்பாவுக்கு இனிமே எதுக்குக் கோட்டு? நின்னு வேலை செய்யறவருக்குத்தானே. முன்னே பின்னே தெரியாதவளுக்காகப் பொய் சொல்ல ஒத்துக்கிட்டிருக்கார், அந்த மனுஷன் கையை மூடிக்கிட்டு எப்படிச் சிரைப்பார்?"

கீழே போனதும் அத்தை மற்றவர்களிடம் விஷயத்தைத் தானே சொன்னார். தான்தான் அவசரப்பட்டு ஆள் மாற்றிக் கும்பிட்டுவிட்டதாகவும், மருமகள்தான் விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்ததாகவும் சொன்னார். அப்பவே சொன்னேன் பக்கத்து வீட்டு அண்ணன் என்று மாமா துள்ளினார். ஓடாதே, வரிசையில் நில் என்று அத்தை அந்த ஊர் மொழியில் அவரை அடக்கினார். மருமகள் டீக்கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். பிறந்த வீட்டில்கூட அவளுக்காக யாரும் இப்படிப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டதில்லை.

சலூனில் கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அத்தை சுற்றி வந்து பார்த்துத் திருப்தியானபின், நேற்று வேறொருவருக்குச் சொன்னது போகட்டும், இன்றைக்கு உங்களுக்கே சொல்கிறேன், பொய் சொல்ல முன்வந்ததற்கு நன்றி என்று சொல்லச் சொன்னார். மருமகள் அப்படியே சொன்னாள். பெரியவர் காது வரை சிவந்துபோனார். பிறகு என்ன நினைத்தாரோ, அந்த மனிதரின் மனைவி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார் என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தார்.

அவர் பேசினார், நிறுத்தினார், தலையாட்டினார். ரிசீவரை அத்தை பக்கம் நீட்டினார். அதிலிருந்து மெலிந்த ஒரு கிழக்குரல் அந்த மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, த-வை அழுத்தி, ஒரு கேள்வியைப்போல, "சித்தப்பா?" என்றது.

அத்தை பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது சுழல் நாற்காலி, அரைவட்டம் சுற்றியது.

இந்த முறை மருமகள் எதையும் விடவில்லை. அந்தச் சின்னப் பெண் என் கணவரை அப்படித்தான் கூப்பிடும், அதற்கு அர்த்தம் என்னவென்று அவருக்குத் தெரியாது, ஆனால் கூப்பிட்டால் அவர் முகம் மலரும், அதனால் நானும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவேன் என்று அந்த அம்மாள் சொன்னார். முதல் வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் தன் தலையில்தான் அவர் பின்னல் பழகினாராம். இழுத்து இழுத்து மண்டை வீங்கிப்போய், ஒரு நாள் அந்த அம்மாளே சீப்பைப் பிடுங்கி ஒளித்து வைத்தாராம். இதையும் சொன்னாள். அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே சிரித்தார். உடனே வாருங்கள், மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது என்று குரல் சொன்னது.

மாமாவும் மகனும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஏறிவிட்டார்கள். மேலே கதவு திறக்கும் சத்தமும், செருப்பைத் தேய்த்துத் தேய்த்து யாரோ வாசலுக்கு வரும் சத்தமும் கேட்டன. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து மருமகள் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். அத்தை வேண்டாம் என்று கையால் தள்ளினார்.

"மத்ததையெல்லாம் நீயே பேசு, உன்னை மாதிரி எனக்கு வராது. ஒண்ணு மட்டும் சொல்லிக்கொடு கண்ணு. 'அன்னிக்குச் சொல்லாம போயிட்டேன், இப்போ சொல்ல வந்திருக்கேன்'னு அவங்க மொழியில எப்படிச் சொல்றது? மெதுவாச் சொல்லு. தப்பா வந்தாலும் பரவாயில்லை, என் வாயால சொல்லிக்கிறேன்."